நிரந்தரமாக உறைந்த துருவ ஏரிக்குப் போவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அண்டார்க்டிகாவின் மக்மர்டோ உலர் பள்ளத்தாக்குகளில் இருக்கும் ஏரிகளைப் பற்றி எங்கே பேச்சு எடுத்தாலும் அதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை, அதனால் ஒரே இடத்தில் தொகுத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஏரிகளுக்குள் தண்ணீர் வர வழி உண்டு, வெளியே வழிந்தோட வழி கிடையாது. பாதிக் கேள்விகளுக்குப் பதில் அதிலேயே இருக்கிறது.

இந்த ஏரிங்க சரியா எங்கே இருக்கு?

ராஸ் கடலின் மேற்குக் கரையை ஒட்டி, விக்டோரியா லேண்ட் என்ற பகுதியில். கண்டத்தின் உள்ளிருந்து கடலை நோக்கி நகரும் பெரிய பனிப்பாளத்தை டிரான்ஸ் அண்டார்க்டிக் மலைத்தொடர் தடுத்து நிறுத்திவிடுவதால், நடுவே சில பள்ளத்தாக்குகள் வெறும் மண்ணும் கல்லுமாகக் கிடக்கின்றன. பெரியவை மூன்று: டெய்லர், ரைட், விக்டோரியா. டெய்லரில் ஃபிரிக்செல், ஹோர், பானி ஏரிகள், ரைட்டில் வாண்டா, விக்டோரியாவில் வைடா. 1903-இல் பிரிட்டிஷ் துருவப் பயணி ராபர்ட் ஸ்காட்டின் குழு டெய்லர் பள்ளத்தாக்கில் இறங்கியபோதுதான் இப்படி ஒரு இடம் இருப்பதே வெளியே தெரிந்தது.

பக்கத்தில் இருக்கும் பெரிய நிலையங்கள் அமெரிக்காவின் மக்மர்டோவும் நியூசிலாந்தின் ஸ்காட் பேஸும். கடலுக்கு இந்தப் பக்கம் அவை, அந்தப் பக்கம் பள்ளத்தாக்குகள், நடுவே ஹெலிகாப்டர்.

நிரந்தரமா உறைஞ்ச ஏரின்னா அடி வரைக்கும் பனிக்கட்டிதானே?

இல்லை, எல்லோரும் தவறாக நினைப்பது இதைத்தான். வாண்டாவில் மேலே மூன்று நான்கு மீட்டர் பனிக்கட்டி, அதற்குக் கீழே 70 மீட்டருக்கும் மேல் ஆழத்துக்குத் திரவமாகத் தண்ணீர். ஹோர், பானி, ஃபிரிக்செல் எல்லாமே ஏறக்குறைய இதே கதை. நிரந்தரம் என்பது அந்த மேல்மூடிக்குத்தான். கோடையிலும் அது முழுதாக உருகிப் போவதில்லை.

விதிவிலக்கு வைடா. அங்கே 27 மீட்டர் துளைத்தும் பனிக்கட்டி முடியவில்லை. அந்தப் பனிக்கட்டிக்குள்ளேயே கசியும் உப்புநீரின் வெப்பநிலை மைனஸ் 13 டிகிரி, அதற்குள்ளும் நுண்ணுயிர்கள் உயிரோடு இருப்பதாக 2012-இல் தெரியவந்தது.

வருஷ சராசரியே மைனஸ் இருபதுன்னு சொல்றாங்க. அப்புறம் ஏன் முழுசா உறையலை?

நல்ல கேள்வி, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். தண்ணீர் உறையும்போது உள்ளே இருந்த வெப்பத்தை வெளியே விடுகிறது. அந்த வெப்பம் பனிக்கட்டியைத் தாண்டி மேலே போய்க் காற்றில் கலக்க வேண்டும், பனிமூடி தடிமனாக ஆக ஆக அந்தப் பயணம் மெதுவாகும். இதோடு கோடையில் பனியாறுகளின் விளிம்பு உருகி ஓடிவரும் தண்ணீரும், மூடியைத் துளைத்துக்கொண்டு இறங்கும் வெயிலும் சேர்ந்து வெப்பத்தைக் கொண்டுவருகின்றன. வருவதும் போவதும் சமமாகிற இடத்தில் பனிமூடி தடிமன் கூடுவதை நிறுத்திக்கொள்கிறது. இந்த ஏரிகளில் அது பெரும்பாலும் மூன்றிலிருந்து ஐந்து மீட்டரில் நடந்துவிடுகிறது.

இன்னொரு பக்கம், மேற்பரப்பு சும்மா இருப்பதில்லை. காற்று அவ்வளவு வறட்சி என்பதால் பனிக்கட்டி உருகாமலேயே ஆவியாகிறது, பள்ளிக்கூடத்தில் பதங்கமாதல் என்று படித்தோமே, அதேதான். மேலே வருடத்துக்குச் சில பத்து சென்டிமீட்டர் கரைய, கீழே அதே அளவு புதிதாக உறைந்து ஒட்டிக்கொள்கிறது, நகம் வளர்கிற மாதிரி. இன்றைக்கு உங்கள் காலடியில் இருக்கும் பனிக்கட்டி ஏறக்குறைய பத்து வருடத்துக்கு முன்னால் ஏரித் தண்ணீராக இருந்தது.

சாதாரண சுற்றுலாப் பயணியா இங்கே போக முடியுமா?

பள்ளத்தாக்குக்குப் போக முடியும். ஏரிக்கு என்றால், நீங்கள் நினைக்கிற மாதிரி முடியாது. நியூசிலாந்திலிருந்தோ டாஸ்மேனியாவிலிருந்தோ ராஸ் கடலுக்குப் போகும் சில கப்பல்கள் ஹெலிகாப்டரையும் ஏற்றிக்கொண்டு போகின்றன. பயணம் ஒரு மாதத்தை ஒட்டி நீளும். காற்றும் கடல் பனியும் ஒத்துழைத்தால் டெய்லர் பள்ளத்தாக்கில், கனடா பனியாற்றுப் பக்கம், பார்வையாளர்களுக்கென்றே ஒதுக்கிய ஒரு சிறு பகுதியில் இறக்கிவிடுவார்கள். வழிகாட்டி கூடவே இருப்பார். அந்த எல்லையைத் தாண்டி நீங்களாக நடந்து போக முடியாது.

வாண்டா வேறு பள்ளத்தாக்கு, ஆஸ்கார்ட் மலைத்தொடருக்கு அந்தப் பக்கம். அங்கே சுற்றுலாப் பயணிகளை இறக்குவதில்லை. மேகம் இறங்கிவிட்டால் டெய்லரும் கிடையாது. ஹெலிகாப்டர் கிளம்பாத நாளுக்காகக் கப்பல்காரர்களிடம் சண்டை போட்டுப் பயனில்லை, பணம் கட்டும்போதே அதற்கு மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள்.

நான் விஞ்ஞானி இல்லை. வேலைக்குன்னு போய் பாக்கலாமா?

போகலாம், உண்மையில் ஏரி மேல் கால் வைக்க இதுதான் நடைமுறை வழி. ஆராய்ச்சிக் குழுவில் மாணவராக, கள உதவியாளராக, முகாம் மேலாளராக, சமையல்காரராக, மெக்கானிக்காகப் பலர் போகிறார்கள். 1993-இலிருந்து அமெரிக்காவின் நீண்டகாலச் சூழலியல் ஆய்வு ஒன்று இந்தப் பள்ளத்தாக்குகளில் நடந்துவருகிறது, ஹோர் ஏரிக்கரை முகாம் அதன் முக்கியமான இடம்.

மருத்துவச் சோதனை, பல் சோதனை இரண்டிலும் தேற வேண்டும். ஒரு சொத்தைப் பல்லுக்காக உங்களை நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகருக்குத் திருப்பி அனுப்ப விமானம் ஏற்பாடு செய்வது யாருக்கும் விருப்பமில்லாத வேலை. அப்புறம் ஒன்று: மக்மர்டோவில் வேலை கிடைத்த எல்லோருக்கும் பள்ளத்தாக்கைப் பார்க்கும் வாய்ப்பு கிடைப்பதில்லை. சமையலறைக்கும் கிடங்குக்கும் நடுவிலேயே பருவம் முடிந்து ஊர் திரும்பியவர்கள் நிறைய.

அந்த இடம் எந்த நாட்டுக்குச் சொந்தம்? யார்கிட்ட அனுமதி வாங்கணும்?

நியூசிலாந்து ராஸ் பகுதிக்கு உரிமை கோருகிறது. ஆனால் 1959-இல் கையெழுத்தாகி 1961-இல் நடைமுறைக்கு வந்த அண்டார்க்டிக் ஒப்பந்தம் எல்லா நாடுகளின் உரிமைக்கோரிக்கைகளையும் அப்படியே நிறுத்திவைத்திருக்கிறது. அதனால் விசா என்ற பேச்சே இல்லை. உங்கள் பயணத்தை ஏற்பாடு செய்கிறவர் எந்த நாட்டைச் சேர்ந்தவரோ அந்த நாட்டு அரசுதான் அனுமதி தர வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கம். உலர் பள்ளத்தாக்குகள் 2004-இலிருந்து சிறப்பு மேலாண்மைப் பகுதி. அதற்குள் நுழையத் தனி அனுமதிச்சீட்டு தேவையில்லை, ஆனால் மேலாண்மைத் திட்டத்தின் விதிகளைப் பின்பற்றியாக வேண்டும். அதற்குள்ளேயே சில துண்டுகள் சிறப்புப் பாதுகாப்புப் பகுதிகள், அங்கே அனுமதிச்சீட்டு இல்லாமல் கால் வைப்பதே சட்டவிரோதம். கனடா பனியாற்றை ஒட்டிய ஒரு பகுதியும் ரத்த அருவியும் (அது என்னவென்று கீழே சொல்கிறேன்) இந்த வகை. இரண்டையும் குழப்பிக்கொண்டு, அனுமதியே வேண்டாமாம் என்று சொல்லித் திரிபவர்கள் இருக்கிறார்கள், நம்பாதீர்கள்.

சின்ன விமானம் ஒண்ணு வாடகைக்கு எடுத்து நாங்களே போயிட்டா?

மேலே சொன்ன அனுமதி அப்போதும் வேண்டும். 1991-இல் கையெழுத்தாகி 1998-இல் அமலுக்கு வந்த, அண்டார்க்டிகாவின் சுற்றுச்சூழலைக் காக்கும் மாட்ரிட் நெறிமுறைப்படி, போவதற்கு முன்பே சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீடு தர வேண்டும். கழிவு, எரிபொருள், ஆபத்தில் மீட்பு, எல்லாவற்றுக்கும் உங்கள் சொந்த ஏற்பாட்டைக் காட்ட வேண்டும். பக்கத்தில்தான் மக்மர்டோ இருக்கிறதே, ஏதாவது ஆனால் வந்து தூக்கிக்கொள்வார்கள் என்று எழுதிக்கொடுத்தால் அந்த விண்ணப்பம் அங்கேயே முடிந்துவிடும். தனியார் பயணங்களுக்கு உதவுவது அரசு நிலையங்களின் வேலை இல்லை.

எந்த மாசம் போனா நல்லா இருக்கும்?

கப்பலில் போகிறவர்களுக்குத் தேர்வே இல்லை, ஜனவரி, பிப்ரவரிதான். ஆராய்ச்சிக் குழுக்கள் அக்டோபர் கடைசியிலிருந்தே வரத் தொடங்கும், அப்போதிலிருந்து பிப்ரவரி மூன்றாம் வாரம் வரை சூரியன் மறையாது.

எதைப் பார்க்க வேண்டும் என்பதைப் பொறுத்தது. நவம்பரில் பனிமூடி கரையோடு கெட்டியாக ஒட்டியிருக்கும், நடக்க வசதி, ஆனால் ஓடைகள் எதுவும் ஓடாது. டிசம்பரில் பனியாறுகள் உருகி, ஆனிக்ஸ் ஆறு ஓட ஆரம்பிக்கும். சுமார் 32 கிலோமீட்டர் நீளம், அண்டார்க்டிகாவிலேயே மிக நீளமான ஆறு. கடற்கரைப் பக்கம் பிறந்து கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உள்நாட்டை நோக்கி ஓடி வாண்டாவில் போய் விழுகிறது. என்னைக் கேட்டால் ஏரியைவிட இந்த ஆறுதான் பார்க்கவேண்டிய காட்சி. சில வாரங்கள் ஓடிவிட்டு நின்றுவிடும்.

பனி மேல நடக்கலாமா? உடைஞ்சுடாதா?

நடு ஏரியில் உடையாது. மூன்று மீட்டர் தடிமனுள்ள பனிக்கட்டி மனிதர்களை மட்டுமல்ல, வண்டியையும் தாங்கும். பயப்படவேண்டிய இடம் கரை. கோடையில் சுற்றியுள்ள மண்ணும் கல்லும் வெயிலில் சூடேறிக் கரையோரப் பனிக்கட்டியை உருக்கிவிடுவதால் ஏரியைச் சுற்றிலும் ஒரு அகழி உண்டாகிறது. ஜனவரியில் அது பல மீட்டர் அகலம்கூட இருக்கலாம். இரவில் (வெயில் அடிக்கும் இரவுதான்) அதன் மேல் மெல்லிய பனிப்படலம் பிடித்து, பார்க்க நடு ஏரி மாதிரியே கெட்டியாகத் தெரியும். பழகியவர்கள் சொல்லும் இடத்தில் மட்டும் தாண்டுங்கள்.

மேற்பரப்பு ஏரிக்கு ஏரி வேறு. வாண்டாவின் பனிக்கட்டி நீலமாக, தெளிவாக, வழுக்கிக்கொண்டு இருக்கும், உள்ளே ஓடும் விரிசல்கள் அப்படியே தெரியும். காலணியில் இரும்பு முள் மாட்டாமல் போனால் முட்டி பெயரும். ஹோர் ஏரி நேர்மாறு. காற்று கொண்டுவந்து கொட்டும் மணல், வெயிலில் சூடேறிப் பனிக்கட்டிக்குள் இறங்கி இறங்கி, மேற்பரப்பு முழுக்கக் குழியும் முகடுமாக இருக்கும். கோடையின் பிற்பகுதியில் மேலே ஓடு மட்டும் நிற்க, அடியில் தண்ணீர்க் குட்டை ஒளிந்திருக்கும். முழங்கால் வரை இறங்கிவிடும், உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் நனைந்த காலோடு அந்தக் குளிரில் நடப்பது சுகமான காரியம் இல்லை.

வெப்பநிலை மாறும்போது பனிமூடி வெடித்துச் சத்தம் போடும், சில சமயம் துப்பாக்கி வெடித்தது போலவே கேட்கும். அது இயல்பு, ஓட வேண்டாம்.

சிறுநீரைக்கூட பாட்டில்ல பிடிச்சு எடுத்துட்டு வரணுமாமே, நிஜமா?

நிஜம். திடக்கழிவு, சிறுநீர், பாத்திரம் கழுவின தண்ணீர், பல் துலக்கித் துப்பினது, எல்லாமே பள்ளத்தாக்கை விட்டு வெளியே போக வேண்டும். ஆளுக்கொரு பாட்டில், முகாமில் பெரிய பீப்பாய், அப்புறம் ஹெலிகாப்டர். கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள், ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏரிக்கு வெளியே போகும் வழி இல்லை. தண்ணீர் மட்டும் பனிக்கட்டியாகி ஆவியாகிவிடும், அதில் கரைந்திருப்பது பெரும்பாலும் உள்ளேயே தங்கிவிடும். நைட்ரஜனும் பாஸ்பரஸும் மிகக் குறைவான அளவில் இருக்கும் தண்ணீரை நம்பி வாழும் உயிர்களுக்கு நம் சிறுநீர் என்பது உர மூட்டை. கரையில் கழித்தாலும் அதேதான், மழை பெய்து கழுவிக்கொண்டு போகாத மண் அது.

அடித்தண்ணி வெதுவெதுன்னு இருக்குமாமே. கீழே எரிமலையா?

வாண்டாவின் அடிமட்டத்தில் 23 டிகிரிக்கு மேல் இருக்கிறது, அது உண்மை. 1960-களில் இதைப் பற்றிப் பெரிய விவாதமே நடந்தது, பூமிக்குள்ளிருந்து வரும் சூடாக இருக்கும் என்று ஒரு சாரார் சொன்னார்கள். கடைசியில் காரணம் வெயில்தான் என்று ஆனது.

ஆயிரம் வருடங்களுக்கு முன்னால் ஏரி ஏறக்குறைய வற்றி, அடியில் அடர்த்தியான உப்புநீர் மட்டும் மிஞ்சியது. பிறகு அதன் மேல் நன்னீர் வந்து நிரம்பியது. அடிநீரின் உப்பு கடல்நீரை விடப் பல மடங்கு. சாதாரணமாகச் சூடான தண்ணீர் மேலே எழும். இங்கே உப்பின் எடை அதை எழ விடுவதில்லை. தெளிந்த பனிக்கட்டி வழியாக இறங்கும் வெயில் நூற்றாண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக அங்கே சேர்ந்திருக்கிறது, மூடி இருப்பதால் காற்று வந்து கலக்கவும் முடியாது. எல்லா ஏரியிலும் இப்படி இல்லை, ஹோர் ஏரிக்கு அடியிலும் குளிர்தான்.

அப்போ அதுல நீந்தலாமா?

அந்த வெதுவெதுப்பு 60, 70 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது, உங்களுக்குக் கிடைப்பது கரையோர அகழியின் சில்லிட்ட தண்ணீர்தான். நியூசிலாந்தின் வாண்டா நிலையம் இருந்த காலத்தில் அந்த அகழியில் உடம்பில் துணியில்லாமல் முழுதாக முங்கி எழுந்தவர்கள் ‘ராயல் லேக் வாண்டா நீச்சல் சங்க’ உறுப்பினர் ஆனார்கள், சாட்சியோடு. நல்ல வேடிக்கைதான். இப்போதைய விதிகள் ஏரிகளில் நீந்துவதைத் தவிர்க்கச் சொல்கின்றன, காரணம் சிறுநீர்க் கேள்வியிலேயே இருக்கிறது. தோலில் இருக்கும் எண்ணெய், கிரீம், நுண்ணுயிர் எல்லாம் அதே கணக்கில் சேரும்.

தண்ணியில மீன் இருக்கா? உயிர்னு ஏதாவது?

மீன் கிடையாது. அடித்தரையில் சயனோபாக்டீரியாக்கள் (பாசி மாதிரி வெளிச்சத்தில் வாழும் நுண்ணுயிர்கள்) கம்பளம் விரித்த மாதிரி படர்ந்திருக்கின்றன. பனிமூடியைத் தாண்டி வரும் துளி வெளிச்சத்தை வைத்துக்கொண்டு ஆக்சிஜன் தயாரிக்கின்றன. அந்த ஆக்சிஜன் மூடியைத் தாண்டி எளிதில் வெளியேற முடியாததால் ஹோர் ஏரியின் மேல்மட்டத் தண்ணீரில் வழக்கத்தைவிட மிக அதிகமாகக் கரைந்திருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது இனிமேல்தான். சில இடங்களில் அந்தப் பாசிப் படலத்துக்குள் குமிழிகள் சேர்ந்து, ஒரு துண்டு பிய்த்துக்கொண்டு மிதந்து மேலே போய்ப் பனிமூடியின் அடியில் ஒட்டி உறைந்துவிடும். முன்பு சொன்னபடி, மேலே கரையக் கரையக் கீழே உறைந்துகொண்டே போகிறது அல்லவா, அதனால் அந்தத் துண்டு வருடக்கணக்கில் மெல்ல மேலேறி ஒருநாள் மேற்பரப்பில் வெளியே வந்து, காய்ந்து, காற்றில் பறந்துவிடும். வெளியே போக வழியே இல்லை என்றேன், இந்த ஒரு சந்து உண்டு.

ரத்த அருவின்னு போட்டோ பாத்தேன். அது எடிட் பண்ணினதா?

இல்லை. டெய்லர் பனியாற்றின் முனையில், பானி ஏரியின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. 1911-இல் புவியியலாளர் கிரிஃபித் டெய்லர் பார்த்தார். செம்பாசி என்று முதலில் நினைத்தார்கள், பனியாற்றுக்கு அடியிலிருந்து கசியும் உப்புநீரில் இருக்கும் இரும்பு காற்றுப் பட்டுத் துருவாக மாறுவதுதான் அந்த நிறம். அருவி என்ற பேரைக் கேட்டுக் கொட்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம், பெரும்பாலான நாட்களில் அது ஒரு கறைதான்.

மைத்ரி நிலையத்துக்குப் பக்கத்துல இருக்கிற பிரியதர்ஷினி ஏரியும் இதே மாதிரியா?

இல்லை. அது ஷிர்மாக்கர் சோலையில், கண்டத்தின் வேறொரு பக்கத்தில் இருக்கிறது. கோடையில் அதன் பனி உருகித் திறந்துவிடும். இந்தியாவின் மைத்ரி நிலையத்துக்குத் தண்ணீரே அங்கிருந்துதான்.

சின்னதா ஒரு கல் எடுத்துட்டு வந்தா என்ன ஆயிடப்போகுது?

அனுமதி இல்லாமல் எடுக்கக் கூடாது. காற்று செதுக்கிய அந்தக் கற்களைப் பார்த்தால் கை பரபரக்கும்தான், புரிகிறது. பாதையை விட்டு விலகி வைக்கிற காலடித்தடமே பல வருடங்கள் அழியாமல் இருக்கிற இடம். கடலிலிருந்து வழிதவறி வந்து செத்த சீல்கள்கூட அழுகாமல் வறண்டு நூற்றாண்டுக் கணக்கில் அப்படியே கிடக்கின்றன. அவற்றையும் தொடாதீர்கள்.

வாண்டா நிலையத்தை ஏன் மூடினாங்க?

1960-களின் கடைசியில் ஏரிக்கரையில் கட்டினார்கள். 1974 ஜனவரி 5-ஆம் தேதி அங்கே 15 டிகிரி வெயில் பதிவானது. பிறகு ஏரி மட்டம் உயர்ந்துகொண்டே வந்து நிலையத்தை எட்டும்போல ஆகிவிட்டது. 1990-களின் முதல் பாதியில் கட்டடங்களை அகற்றியதோடு, எண்ணெயும் கழிவுநீரும் சிந்தியிருந்த மண்ணையும் அள்ளிக்கொண்டு போனார்கள். ஏரி வந்து அந்த மண்ணைத் தொட்டிருந்தால் எல்லாம் உள்ளே போயிருக்கும், திரும்பி வந்திருக்காது.

இந்த ‘நிரந்தரம்’ இன்னும் எத்தனை நாளைக்கு?

வடக்கே நடந்ததைச் சொல்கிறேன். கனடாவின் எல்ஸ்மியர் தீவுக்கு வடக்கே வார்ட் ஹன்ட் என்ற தீவில் இருக்கும் ஏரி 1950-களில் நான்கு மீட்டரையொட்டிய பனிமூடியோடு இருந்தது. 2011, 2012 கோடைகளில் அது முழுக்கத் திறந்துவிட்டது. வட துருவத்தில் நிரந்தரமாக உறைந்த ஏரியைப் பார்க்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு அதனால்தான் நான் தெற்கைக் காட்டுகிறேன்.

தெற்கே நிலைமை இன்னும் அப்படி இல்லை, ஆனால் ஆட்டம் உண்டு. 2001-02 கோடையில் வெப்பம் கூடிப் பனியாறுகள் அதிகமாக உருகியதில் ஏரிகளின் மட்டம் உயர்ந்தது, பனிமூடியும் மெலிந்தது. ஒரே ஒரு சூடான கோடையின் தடம் பல வருடங்களுக்கு நீடித்தது.

விஞ்ஞானிகளே துளை போட்டு உள்ளே முங்குறாங்க. நமக்கு மட்டும் இவ்வளவு கெடுபிடி ஏன்?

நியாயமான கேள்வி, நானும் அவர்களுக்கு முழுதாக வக்காலத்து வாங்கப்போவதில்லை. ஆராய்ச்சியும் தடம் பதிக்கத்தான் செய்கிறது, வாண்டா நிலையத்தின் மண்ணே சாட்சி. ஆனால் முங்குவதற்கான துளையை அவர்கள் பெரும்பாலும் செப்புச் சுருளில் சூடான திரவத்தைச் சுற்றவிட்டு உருக்கி எடுக்கிறார்கள், ஒரு ஏரியில் பயன்படுத்திய கருவியைச் சுத்தம் செய்யாமல் அடுத்த ஏரியில் இறக்கக் கூடாது, எதையும் பனிக்கட்டிக்குள் உறையவிட்டுப் போகக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே எழுதிக்கொடுக்க வேண்டும், பிறகு அறிக்கையும் தர வேண்டும்.

வித்தியாசம் எண்ணிக்கையிலும் இருக்கிறது. ஒரு பருவத்தில் ஏரி மேல் நடப்பவர்கள் கொஞ்சம் பேர், யார் எங்கே எதைச் செய்தார்கள் என்ற பதிவும் இருக்கிறது. ஒரு கப்பல் கூட்டம் மொத்தமாக இறங்கினால் அந்தக் கணக்கை யாராலும் வைக்க முடியாது. பயணிகளுக்கென்று ஒதுக்கிய அந்தச் சிறு பகுதியை நான் தண்டனையாகப் பார்க்கவில்லை. இறங்கும்போது காலணியைக் கழுவித் துடைத்துக்கொண்டு இறங்குங்கள், தையலில் ஒட்டியிருக்கும் விதையையும் மண்ணையும் ஊசி வைத்துக் குத்தி எடுக்கச் சொல்வார்கள், சலிக்காமல் செய்யுங்கள்.